டபுள் ஃப்ளாஷ் எடுத்த படங்கள்

ஒரு கேமராவுக்குப் புத்தி சொல்லித் திருத்திவிட முடியும் என்று கடைசிவரை நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் விருத்தாசலத்தில், எங்கள் தெருவில், எனக்கு எதிர்வீட்டில் இருந்தார். மாட்டைத் திட்டுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிளம்பாத பைக்கை உதைக்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். தெருவே டபுள் ஃப்ளாஷ் என்று கூப்பிட்ட அந்த மனிதர் திட்டவும் மாட்டார், உதைக்கவும் மாட்டார். கேமராவை உள்ளங்கையில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, கோபித்துக்கொண்டு கிளம்பும் மாப்பிள்ளையிடம் பேசுவதுபோலத் தணிந்த குரலில் எடுத்துச் சொல்வார். "நாலு பேரு கூடியிருக்கிற எடத்துல இப்புடி மூக்கை உள்ள இழுத்துக்கலாமா? நம்மள நம்பித்தானே அவங்கல்லாம் நிக்கிறாங்க?"

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். அதனால் இங்கேயும் அது வேண்டாம்.

எனக்குக் காலக்கணக்கு சரியாக இருக்க வேண்டும். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு எப்போது மாடி வந்தது, எந்த வேப்பமரம் எந்தப் புயலில் சாய்ந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேமரா தெருவுக்கு வந்தது 'தானே' புயலுக்கு முந்தின வருஷம். அவர் போனது போன ஆடியில். இடையில் நடந்தவைதான் இவை.

செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மை யூனிட்டில் அவர் சூளை மேஸ்திரி. பொம்மையைச் சூளையில் அடுக்குவது, தீ வைப்பது, வெந்தபின் ஆறும்வரை காத்திருந்து கதவைத் திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆறாத சூளையைத் திறந்தால் வெளிக்காற்று பட்டு உள்ளே இருப்பதெல்லாம் விண்டுபோகும். லாரி வந்து நிற்கிறது, திற என்று முதலாளியே வந்து சொன்னாலும் கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "லாரிக்கு அவசரம். சூளைக்கு என்னா அவசரம்?" அப்படிப்பட்ட பொறுமைசாலியை ஒரு சோப்புப்பெட்டி அளவு எந்திரம் ஆட்டிவைத்தது.

அதை அவர் வாங்கியதற்குக் காரணம் அவருடைய அம்மா. அந்த அம்மா இறந்தபோது காரியத்துக்கு வைக்க ஒரு படம் இல்லை. ஓட்டு அட்டையில் இருந்த தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளி புள்ளியாகப் பிரிந்து, கடைசியில் ஒரு சாம்பல் மேகம்தான் கிடைத்தது. மேகத்துக்குப் பொட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அவருடைய மனைவி தனக்கோடி அக்கா விரலோடு நின்ற காட்சியை நானே பார்த்தேன். "எங்கம்மா மாதிரியும் இல்ல, மனுசி மாதிரியும் இல்ல" என்று அவர் அன்றைக்குச் சொன்னார். எங்கள் தெருவில் இனி யாரும் அட்டைப் படத்தோடு சுவர் ஏறக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. சார்ஜாவிலிருந்து திரும்பிய மங்கலம்பேட்டை பாய் ஒருவர் தன் கேமராவை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், பஸ் ஏறிப் போய் வாங்கிவந்துவிட்டார்.

வெள்ளி நிறம். பார்க்க லட்சணமாக இருந்தது. பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதைப் படைத்தவன் மனிதக் கைகளைப் பார்த்ததே இல்லை என்று.

முதல் கோளாறு, அதன் கண் நடுவில் இல்லை. இடது மேல்மூலையில் ஒதுங்கி இருந்தது. சூளைத் தட்டைத் தூக்கிப் பழகிய மனிதர் எதையும் இரண்டு கையாலும் பயபக்தியோடுதான் பிடிப்பார். அப்படிப் பிடித்தால் இடது ஆள்காட்டி விரல் நேராகக் கண்ணின் ஓரத்தில் போய் உட்காரும். சரி, பின்னால் இருக்கும் சின்னத் திரையைப் பார்த்து விரலை நகர்த்திக்கொள்ளலாமே என்பீர்கள். எங்கள் ஊர் வெயிலில் அந்தத் திரையில் தெரிவது பார்ப்பவர் மூஞ்சி மட்டும்தான். ஆகவே அவர் எடுத்த படங்களில் ஓரத்தில் விரல் விழுந்துகொண்டே இருந்தது. மஞ்சளாக, பாதி உரித்த பனங்கிழங்கு மாதிரி. அந்த விரலின் நகத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு பழைய தீக்காயத் தழும்பு இருந்ததால், வேறு யார் விரலோ என்று சாதிக்கவும் வழியில்லை. தழும்பு எப்படி வந்தது என்று கேட்டால், "மேஸ்திரி வேலையில பூவா பூக்கும்?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இரண்டாவது கோளாறுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பொத்தானை அமுக்கினால் ஃப்ளாஷ் ஒருமுறை பளிச்சென்று அடிக்கும். அது படத்துக்கான வெளிச்சம் இல்லை. எதிரில் நிற்பவர்களின் கண்ணைத் தயார்ப்படுத்தும் ஒத்திகை வெளிச்சம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாவது வெளிச்சம் அடிக்கும்போதுதான் படம் விழும். இந்த ஒத்திகையை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால், அடுத்த தடவை கேமராவைத் திறக்கும்போது அதுவாகவே மறுபடி போட்டுக்கொள்ளும். எங்கள் ஜனங்களுக்கு வெளிச்சம் அடித்தால் படம் முடிந்தது என்று அர்த்தம். பளிச் என்றதும் இடுப்புப் பிள்ளையை மாற்றிக்கொண்டு, புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அப்புறம்தான் படம் விழும். அந்த முதல் வருஷத்துப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காதுகுத்துப் படத்தில் மொட்டையடித்த பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரும் பந்திக்குப் போயாகிவிட்டது.

அவர் சளைக்கவில்லை. கேமராவைத் திருத்த முடியாவிட்டால் தெருவைத் திருத்துவது என்று இறங்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "மொத வெளிச்சம் அதுக்கு. ரெண்டாவது வெளிச்சம்தான் நமக்கு. மொத வெளிச்சத்துக்குக் கண்ண மூடி வச்சிக்குங்க, செலவு பண்ணிடாதீங்க. ரெண்டாவதுக்குத் தொறங்க." சொன்னதைத் தானும் கடைப்பிடித்தார். யார் எங்கே ஃப்ளாஷ் அடித்தாலும் முதலாவதுக்குக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். வருஷம் போகப் போகத் தெருவே பழகிவிட்டது. எவ்வளவு பழகிவிட்டது என்றால், ஆதார் அட்டைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் எங்கள் தெருக்காரர்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. எடுக்கிற பெண், முடிந்துவிட்டது, எழுந்திருங்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். ரயில்வேயில் ரிட்டையராகி எதிர்ச்சாரி வீட்டில் இருக்கும் பாயிண்ட்ஸ்மேன் பெரியவர், "ரெண்டாவது இன்னும் வரல்லியேம்மா" என்று சொல்லி நாற்காலியை விடவில்லையாம்.

இந்தப் பாயிண்ட்ஸ்மேன் பெரியவரைப் படம் எடுக்கத்தான் டபுள் ஃப்ளாஷ் மிகவும் பாடுபட்டார். அவர் கேமராவோடு வருகிறார் என்றால் எதற்கு வருகிறார் என்று வயதானவர்களுக்குத் தெரியும். வாய்விட்டு அவர் சொன்னதில்லை. ஆனால் பின்னால் வெறும் சுவராகப் பார்த்து உட்காரவைப்பதும், கழுத்துக்கு இரண்டு பக்கமும் மாலைக்கு இடம் விட்டு எடுப்பதும் வேறு எதற்கு? பாயிண்ட்ஸ்மேன் பெரியவர் அவரைத் தூரத்தில் கண்டாலே கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஒருநாள் டபுள் ஃப்ளாஷ் அவரை மடக்கிவிட்டார்.

"என்னைச் சட்டத்துல மாட்டாம வுடமாட்ட போலிருக்குது."

"சும்மா ஒரு படம் பெரியவரே. பேரப்புள்ளைங்களுக்கு வேணும்ல."

"பேரப்புள்ளைங்க என்னை நேர்ல வந்தே பாக்கறதில்ல. படத்தையா பாக்கப் போறாங்க? நீ மொதல்ல உன்னைய எடுத்து மாட்டிக்க. நான் வந்து மால போடுறேன்."

"எனக்கு என்னா அவசரம்" என்று சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். பெரியவர் முறைத்தபடி விழுந்த அந்தப் படம் மிக நன்றாக வந்திருந்தது. ஓரத்தில் விரல்.

கேமராவை அணைக்கும் பொத்தானும் படம் எடுக்கும் பொத்தானும் ஒரே அளவில், ஒரே உயரத்தில், ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. தடவிப் பார்த்து எது எது என்று சொல்ல பிரம்மாவாலும் ஆகாது. எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியை எடுத்து முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு போட்டாயிற்று. டபுள் ஃப்ளாஷ் பொத்தானை அமுக்குகிறார். ஙொய்ங் என்று லென்ஸ் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு கேமரா படுத்துவிட்டது. மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடவேண்டியது. அந்தப் பெண் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டாள். டபுள் ஃப்ளாஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கும்பிட்டார். "நாத்தனாரம்மா, அந்த முடிச்சை மட்டும் கொஞ்சம் நிதானமாப் போடுங்க. இது எழுந்திரிக்க நேரமாவும்."

நாத்தனார் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கேமரா எழுந்தது, தேதி என்ன என்று கேட்டது, அப்புறம் சொல்கிறேன் என்று அதை அடக்கினார், மூக்கை நீட்டியது, ஒத்திகை வெளிச்சம் அடித்தது. அதுவரை நாதஸ்வரக்காரர் மூச்சு விடவில்லை. கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்பிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்திலேயே நீளமான கெட்டிமேளம் அதுதான். மணமகள் குனிந்த தலையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் அந்தப் படத்தை அந்த வீட்டில் இன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். மற்ற கல்யாணங்களில் எடுத்த படங்களில் எல்லாம் மணமகள் அழுகிறாள்.

"இதச் செஞ்சவன் ஒரு கல்யாணத்துக்கும் போயிருக்க மாட்டான் சார்" என்று அன்று மாலை என்னிடம் வருத்தப்பட்டார். "யாரும் கூப்புட்டிருக்க மாட்டாங்க. தனியா ஒரு ரூம்புல குந்திக்கிட்டு, எதிர்ல ஆளே இல்லாம செஞ்சிருக்கான். பாவம். அவன ஒரு தடவ நம்ம ஊருக்கு மாசிமகத்துக்குக் கூட்டியாந்து, மணிமுத்தாத்து மணல்ல நிக்கவச்சி, இந்தக் கூட்டத்தப் படம் எடுறான்னு சொல்லணும் சார். அவனே திருத்திடுவான்."

எனக்கும் அந்தக் கேமராவுக்கும் தனிப்பட்ட ஒரு தகராறு உண்டு. அதன் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் எடுத்து முடித்ததும் கழற்றி வைத்துவிடுவார். பேட்டரியைக் கழற்றினால் கேமராவுக்குக் காலம் மறந்துவிடும். மறுபடி போட்டால், தான் பிறந்த வருஷத்தின் ஜனவரி முதல் தேதிக்குத் திரும்பிப் போய்விடும். அதைப் படத்தின் அடியில் ஆரஞ்சு எழுத்தில் அச்சடித்தும் வைக்கும். மாசிமகமும் ஜனவரி ஒன்று. ஆடிப்பெருக்கும் ஜனவரி ஒன்று. புயலில் மரங்கள் சாய்ந்து கிடந்ததும் ஜனவரி ஒன்று. தெரு வரலாறு எழுதுகிற ஒருவனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? ஒவ்வொரு படத்திலும் யார் வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் இல்லை என்று பார்த்துப் பார்த்து நான் தேதி கண்டுபிடிப்பேன். தேதியைப் போட்டுவிட்டு எடுங்கள் அண்ணே என்று கெஞ்சியும் இருக்கிறேன்.

"தேதி உங்க வூட்டுக் காலண்டர்லயே இருக்குது சார். மொகம் எங்க இருக்குது, சொல்லுங்க" என்பார்.

விரலுக்கு அவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். விரல் நழுவி வராமல் தடுக்க கேமராவின் கண்ணைச் சுற்றி ஒரு வளையம். பொம்மை யூனிட்டிலேயே களிமண்ணில் செய்து சுட்டார். மண் சுட்டால் சுருங்கும் என்பது அவருக்குத் தெரியாததா? ஆள் பார்த்துச் சட்டை தைப்பதுபோலச் சுருக்கத்துக்கு இடம் விட்டுத்தான் செய்தார். ஆனால் அந்தச் சமயம் யூனிட்டுக்கு வேறு மண் வந்திருந்தது. அது அவர் நினைத்த அளவுக்குச் சுருங்கவில்லை. வளையம் தொளதொளவென்று வந்தது. கிழிந்த பனியன் துணியைச் சுற்றித் திணித்தார். போதாக்குறைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதற்கு வெள்ளைப் பளபளப்பு வேறு ஏற்றியிருந்தார். ஃப்ளாஷ் அந்தப் பீங்கானில் பட்டுத் தெறித்து, எதிரில் நிற்பவர்கள் எல்லாரும் பால்போல வெளுத்து விழுந்தார்கள்.

தெரு கொண்டாடியது. பெண் பார்க்கப் படம் கொடுக்க வேண்டியவர்கள் அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். "பீங்கான் போட்டு எடுங்கண்ணே" என்று கேட்டு நின்றார்கள். நல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவளுக்கு அக்கா யாராவது இருக்கிறாளா என்று கேட்டார்கள். அதோடு அவருக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்துவிட்டது. முகம் வேண்டும் என்று வாங்கிய கேமரா, வேறு யார் முகத்தையோ கொடுக்கிறதே என்று. அந்த வளையம் ஒருநாள் கல்தரையில் விழுந்து உடைந்தபோது, நிம்மதியாகப் பெருக்கி வெளியே கொட்டினார். விரல் திரும்ப வந்தது.

ஜங்ஷன் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சேகர்தான் படங்களைப் போட்டுக் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் டபுள் ஃப்ளாஷ் கூச்சத்தோடு, "ஓரத்துல அந்த வெரல மட்டும் எடுத்துடுப்பா" என்பார். சேகரும் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுவார். ஆனால் யாராவது இறந்துபோய் அவசரமாகச் சட்டம் போடும்போது அதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை. ஆகவே எங்கள் தெருவில் மாலையோடு சுவரில் இருக்கும் பெரியவர்களில் பாதிப்பேர் ஓரத்தில் விரலோடுதான் இருக்கிறார்கள். முகங்கள் மட்டும் அவ்வளவு தெளிவு. அவர் அந்த வீடுகளுக்குப் போனால் முகத்தைப் பார்க்கமாட்டார். மூலையைப் பார்த்துவிட்டு, "சே" என்பார்.

ஒரு காணும் பொங்கலுக்குத் தெரு மொத்தத்தையும் ஒரே படத்தில் அடைக்க ஆசைப்பட்டார். தானும் அதில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஒருநாள்தான் சொல்லிக் கேட்டேன். கேமராவை யார் கையிலும் கொடுக்கமாட்டார். "இதோட கொணம் எனக்குத்தான் தெரியும்." ஆகவே அதை ஒரு முக்காலிமேல் நிறுத்தி, தானாக எடுத்துக்கொள்ளும் முறையில் வைத்துவிட்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். வேட்டி தடுக்கியது. இரண்டு வெளிச்சமும் அவர் முதுகில் விழுந்தன. மறுபடி போய் அமுக்கினார். ஒருதடவை எடுத்ததும் அந்த முறை தானாகவே ரத்தாகிவிடும் என்பதும் கேமராவைச் செய்த அந்தப் புண்ணியவானின் ஏற்பாடு. அமுக்கிய உடனே எடுத்துவிட்டது. விழுந்தது அவர் சட்டையின் இரண்டு பொத்தான். மூன்றாவது முயற்சிக்குள் பேட்டரி தீர்ந்தது. "சரி வுடுங்க, நான் எதுக்கு" என்று சொல்லிவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம்.

போன ஆடியில் ஒரு காலை, டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அழுகை ஓய்ந்து, காரியத்துக்கு நாள் குறித்தபின் தனக்கோடி அக்கா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, அவரு படம் ஒண்ணு வேணும். நீங்கதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கீங்க."

"ஓட்டு அட்டை, ஆதார் எதுலயாவது..." என்று ஆரம்பித்துவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன். அக்கா ஆதார் அட்டையைக் கொண்டுவந்திருந்தார். அதில் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டாவது வெளிச்சத்துக்குக் காத்திருந்தார்.

"அட்டைப் படம் வேணாம் தம்பி. அவருக்கு அது வேணாம்."

கல்யாணப் படம் இருந்ததே என்றேன். புயலன்று ஓடு பறந்ததில் அது நனைந்து, கண்ணாடியோடு ஒட்டி, ஆட்கள் கரைந்து, இரண்டு மாலைகள் மட்டும் மிஞ்சியிருந்தன.

கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தோம். தெருவே இருந்தது. இருந்தவர்கள், போனவர்கள், பல் விழுந்தவர்கள், பல் முளைத்தவர்கள். எல்லாரும் ஜனவரி முதல் தேதியில் இருந்தார்கள். அவர் மட்டும் இல்லை. எவர்சில்வர் குடம், அலமாரிக் கண்ணாடி, பளபளப்பு ஏற்றிய பூஜாடி என்று எதிரொளிக்கும் எதுவும் இருந்தால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு உருவம் நிற்கும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் நட்சத்திரம்போல வெடித்திருக்கும். தெருப்பிள்ளைகளின் போன்களில் தேடச் சொன்னேன். யார் போனைத் தூக்கினாலும் பதிலுக்கு அவர் கேமராவைத் தூக்குவார் என்பதால் அவற்றிலும் முகத்துக்குப் பதில் கேமராதான் இருந்தது. காணும் பொங்கல் படங்கள் வந்தன. அக்கா முதுகையும் சட்டைப் பொத்தானையும் வெகுநேரம் பார்த்தார்.

"முதுகுக்கா தம்பி மால போடறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் படங்களை நகர்த்திக்கொண்டே இருந்தேன். பொம்மை யூனிட்டில் எடுத்த ஒரு படம் வந்தது. பலகையில் குடம் தூக்கிய பெண் பொம்மைகள் வரிசை வரிசையாகக் காய்கின்றன. சுடாத பொம்மைகள், கண் எழுதாத பொம்மைகள். முதலாளி கேட்டார் என்று மாதிரிக்கு எடுத்தது. அதன் ஓரத்தில், வேறு எந்தப் படத்திலும் இல்லாத அளவுக்குப் பெரிதாக, மலைபோல அந்த விரல். நகத்தின் தழும்பு ரேகை ரேகையாகத் தெரிந்தது.

"நிறுத்துங்க" என்றார் அக்கா.

நிறுத்தினேன்.

"இந்தக் காயம் எப்புடி வந்துதுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

இல்லை என்றேன்.

"கல்யாணமான வருசம். மாசிமகத்துக்குக் கூட்டிக்கினு போறேன்னாரு. நான் தலையெல்லாம் சீவிப் பூ வச்சி குந்தியிருக்கேன். இவரு சூளை ஆறல. நேரமாவுது, நான் அழுதுகிட்டு இருப்பேன்னு, ஆறறதுக்குள்ள கதவத் தொறந்துட்டாரு. வெரலு வெந்துபோச்சி. பொம்மையெல்லாம் வெடிச்சிப் போச்சி. ஒரு மாசம் சம்பளம் இல்ல. துணியச் சுத்திக்கினு வந்து, கௌம்பு தனக்கோடின்னாரு. அவரு அவசரப்பட்டது அது ஒண்ணுக்குத்தான் தம்பி."

திரையில் அந்த நகத்தைத் தொட்டுக் காட்டி, "இதான் அவரு. இதையே போடுங்க" என்றார். உயிரோடு இருக்கிற யாரும் அதில் இல்லாததால் மாலை போடவும் தடையில்லை என்று அவரே காரணமும் சொன்னார்.

சேகரின் ஸ்டுடியோவுக்கு நானும் அக்காவும் போனோம். சேகர் படத்தைத் திரையில் திறந்தார். எத்தனையோ வருஷப் பழக்கம். கை தானாக ஓரத்துக்குப் போய்விட்டது.

"வெரல எடுத்துடலாமாக்கா?"

"பொம்மைய வேணா எடுத்துடு" என்றார் அக்கா.

சேகர் மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, அடியில் தேதி தப்பாக இருக்கிறதே, சாருக்குத் தேதி சரியாக இருக்க வேண்டுமே, மாற்றித் தரட்டுமா என்று என்னைக் கேட்டார். அந்தப் படத்தின் உண்மையான தேதியை என்னால் சொல்லியிருக்க முடியும். பொம்மைகளுக்குப் பின்னால் ஒரு காலண்டரே தொங்கியது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

காரியத்தன்று வாசலில் பந்தல் போட்டு, நாற்காலியில் அந்தப் படத்தைச் சாய்த்து வைத்து மாலை போட்டிருந்தார்கள். வேப்பூரிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் படத்தின் முன் நின்று, பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக விசாரித்தார்கள். அக்கா எழுந்துபோய், நகத்தின்மேல் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். பொட்டு எங்கே வைப்பது என்று இந்தத் தடவை அவர் தடுமாறவில்லை. பாயிண்ட்ஸ்மேன் பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார்.

"மொதல்ல நீ மாட்டிக்கன்னு வெளயாட்டுக்குத்தானடா சொன்னேன்" என்றார்.

சாப்பாட்டுக்கு முன்னால், தெரு முழுக்க ஓரிடத்தில் இருக்கிறதே என்று ஒரு படம் எடுக்கச் சொன்னேன். நாற்காலியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம், சொந்தக்காரர்களும் தெருக்காரர்களுமாக. சேகர் தன்னுடைய பெரிய கேமராவை எடுத்துவந்தார். நல்ல கேமரா. கண் நடுவில் இருந்தது. ஃப்ளாஷ் ஒரே ஒரு தடவை பளிச்சென்று அடித்தது. முடிந்தது, எல்லாரும் எழுந்திருக்கலாம் என்று சேகர் சொன்னார்.

வெளியூர்க்காரர்கள் எழுந்து இலைக்குப் போனார்கள். எங்கள் தெருக்காரர்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.